ஒரு சாண் மண்

நம் விமர்சனத்தில் கைமாறிக் கைமாறித் தேய்ந்துபோன நாணயம் 'ஆழம்' என்ற சொல். ஒரு கவிதையை ஒப்புக்கொள்வதென்றால் ஆழம் இருக்கிறது என்கிறோம். தள்ளிவிடுவதென்றால் மேலோட்டம். எவ்வளவு ஆழம், எதில், எதற்காக என்று யாரும் கேட்பதில்லை. கிணறு வெட்டிப் பிழைத்த ஜனங்களின் பாஷையில் இந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு அந்தஸ்து வந்தது இயல்புதான். ஆனால் புளியங்குடியில், மேற்கே பார்த்த ஜன்னல் உள்ள ஒரு வங்கிக் கிளையில் சில வருஷம் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கிறவனுக்கு இந்தச் சொல்லின் மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே மலை. மலையின் மேல் காடு. அந்தக் காடு நிற்கிற மண் பல இடங்களில் ஒரு சாண். சில இடங்களில் அதுவும் கிடையாது.

மதுரையிலிருந்து கொல்லம் போகிற ரோடு ராஜபாளையம் தாண்டி, சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று தெற்கே இறங்கும் மட்டும் மேற்குத் தொடர்ச்சி மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டே போகிறது. கேரளத்துப் பக்கம் மலை பீடபூமியும் பள்ளத்தாக்குமாக விரிந்து சாவகாசமாக இறங்குகிறது. நம் பக்கம் சரேலென்று விழுந்துவிடுகிறது. பெரியாறு பிறப்பது சொக்கம்பட்டி மலையில் என்கிறார்கள். நம் பக்கத்து ஊரின் பெயரைத் தாங்கிய உச்சியில் பிறந்து, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே போய்விடுகிற ஆறு அது. ஜூன் மாதத்தில் உச்சி முழுக்க மேகம் உட்கார்ந்திருக்கும். மழை அந்தப் பக்கம், காற்றும் சாரலும் இந்தப் பக்கம். நம் சரிவுக்கு மழை என்று வருவது ஐப்பசி கார்த்திகையில்தான். மாசக்கணக்கில் காய்ந்து, கோடையில் புல் தீப்பிடித்துக் கருகி, அப்புறம் திடீரென்று நாலு நாள் கொட்டுகிற மழையை ஒரேயடியாக வாங்கிக்கொள்ள வேண்டிய நிலை அந்தச் சாண் மண்ணுக்கு. 2015-இல் இந்தப் பகுதிக் காடுகளை நெல்லை வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். சரணாலயம் என்றதும் யானையும் சிறுத்தையும் ஞாபகத்துக்கு வருகின்றன. மண்ணுக்குச் சரணாலயம் என்று யாரும் நினைத்துக்கொள்வதில்லை.

இந்த மண் எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சமவெளியில் குழி வெட்டினால் மண் அடுக்கடுக்காகத் தெரியும். மேலே மக்கிய கருமை, கீழே களி, அதற்கும் கீழே சிதைந்த பாறை என்று ஒவ்வொன்றும் தன் இடத்தில் இருக்கும். அடுக்கு உண்டாக அவகாசம் வேண்டும். மண் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். சரிவில் மண்ணுக்கு அந்த வசதி இல்லை. உருவாகிக்கொண்டிருக்கும்போதே நகர்ந்துகொண்டும் இருக்கிறது. மழைத்துளி விழுந்து தெறிக்கிற துகள் மேல்பக்கம் தெறிப்பதைவிடக் கீழ்ப்பக்கம் அதிக தூரம் போகிறது. பகலில் வெந்து இரவில் குளிர்ந்து, நனைந்து உப்பிக் காய்ந்து சுருங்குகிற ஒவ்வொரு தடவையும் மண் ஒரு நூலளவு இறங்குகிறது. மண்புழுக்களைப் பற்றி 1881-இல் டார்வின் வெளியிட்ட கடைசிப் புத்தகத்தில், புழு வெளியே தள்ளுகிற மண்ணுருண்டைகள் சரிவில் எவ்வளவு உருண்டு போகின்றன என்று கிழவர் பொறுமையாக அளந்துகொண்டிருக்கிறார். உலகத்தைப் புரட்டிப்போட்ட மனுஷர் கடைசிக் காலத்தில் புழுவின் கழிவை எடை போட்டார் என்பது எனக்கு அவருடைய மற்ற கீர்த்திகளைவிடப் பெரிதாகப் படுகிறது.

ஆகவே சரிவில் இருப்பது தங்கிவிட்ட மண் அல்ல, போய்க்கொண்டிருக்கிற மண். அதில் பாதிக்கு மேல் சரளையும் கல்லும். அடியில் சார்னோக்கைட், நைஸ் என்று பெயருள்ள கெட்டிப் பாறை. பாறை வெடித்த இடுக்குகளில் மட்டும் மண் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். வேரும் அங்கேதான் இறங்கும். தண்ணீர் நிற்காது. மழை நின்ற மறுவாரமே மரம் தாகத்தில் இருக்கும். சத்து மண்ணில் இருப்பதைவிட மரத்திலும் உதிர்ந்த இலையிலும்தான் இருக்கிறது. இலை விழுந்து மக்கி, மக்கியது வேருக்குப் போய், மறுபடி இலையாகிற வட்டத்தில் மண் ஒரு கைமாற்றுக்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். மண்ணியல்காரர்கள் கெட்டிப் பாறை 25 செ.மீ.க்குள் முட்டினால் லெப்டோசால் என்று ஒரு வகை வைத்திருக்கிறார்கள். உலகத்தில் மிக அதிகமான பரப்பில் இருக்கிற மண் வகையே இதுதானாம். பூமியின் பெரும் பங்கு ஆழமில்லாதது என்பதை நம் விமர்சகர்கள் காதில் யாராவது போட்டால் தேவலை.

இதைவிட முக்கியமான ஒரு சமாச்சாரம் உண்டு. அமெரிக்க நிலவியலாளர் கில்பர்ட் 1877-இல், ஹென்றி மலைகள் பற்றிய தன் அறிக்கையில் ஒரு விஷயம் சொன்னார். வெறும் பாறையில் தண்ணீர் வழிந்து ஓடிவிடுகிறது, பாறை சிதைவதில்லை. மண் ரொம்பக் கனமாக மூடியிருந்தாலும் நீரும் வெயிலும் வேரும் பாறை வரை எட்டுவதில்லை, அப்போதும் பாறை சிதைவதில்லை. மெல்லிய மண் போர்வைக்கு அடியில்தான் பாறை வேகமாக மண்ணாகிறது. 1997-இல் கலிஃபோர்னியாவில் ஒரு சரிவில் சிலர் இதை அளந்தே பார்த்தார்கள். மண்ணின் கனம் கூடக்கூட, புதிய மண் பிறப்பது மளமளவென்று குறைகிறது என்று தெரிந்தது. வேகம் என்றால் நம் கணக்கில் வேகம் இல்லை. ஒரு விரற்கடை மண்ணுக்கு நூற்றாண்டுகள் ஆகும். ஆனாலும் பாறை மண்ணாகும் சிருஷ்டி நடப்பது, ஆழம் குறைந்த இடத்தில்தான். ஆழமான மண் ஏற்கெனவே சம்பாதித்ததை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மண்.

இதை வைத்துக்கொண்டு குறிஞ்சிக்கு வரலாம். தொல்காப்பியம் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் சொல்கிறது. பூவும் புள்ளும் விலங்கும் அதற்கு அப்புறம் வருகிற கருப்பொருள். நாம் இந்த வரிசையை மனப்பாடமாக ஒப்பிக்கிறோமே தவிர, நிலம் ஏன் முதலில் வந்தது என்று யோசிப்பதில்லை. ஏ.கே. ராமானுஜன் 1967-இல் அகப்பாடல்களை இங்கிலீஷில் கொண்டுவந்தபோது 'அகநிலக்காட்சி' என்ற பொருளில் தலைப்பு வைத்தார். அருமையான தலைப்புத்தான். அவருக்குப் பின்னால் வந்த நம்மவர்கள் அதில் 'அகம்' என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். குறிஞ்சி என்றால் புணர்ச்சிக்குப் படிமம், மலை என்றால் மனசு, அருவி என்றால் இன்னொன்று. இங்கிலீஷ் பி.ஏ. படித்த என் போன்றவர்களுக்கு இது ரொம்ப சௌகரியம். மலைக்குப் போகாமலே கட்டுரை எழுதிவிடலாம். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் என்று எண்ணிக் கணக்குச் சொல்வார்கள். அத்தனை பூவும் எந்த மண்ணில் பூத்தன என்று ஒரு வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

அந்தப் பாடல்களில் தினை விளைவது புனத்தில். மரத்தை வெட்டி, எரித்து, சாம்பல் ஆறியதும் விதைத்து, கிளியோட்டி, அறுத்து, மண் களைத்ததும் அதை விட்டுவிட்டு வேறு சரிவுக்குப் போகிற விவசாயம். மண் மெல்லியது, சத்து மரத்தில் இருக்கிறது, எரித்தால் சாம்பல் வழியாக ஒன்றிரண்டு வருஷத்துக்கு மண்ணில் இறங்கும், பிறகு இல்லை. இந்தக் கணக்குத் தெரிந்தவர்கள் செய்த வேளாண்மை அது. தினைக் கதிர் முற்றுவதற்குள் தலைவனும் தலைவியும் சந்திக்க வேண்டியிருக்கிறது. அறுப்பு முடிந்தால் காவலுக்கு வேலை இல்லை, அவள் வீட்டுக்குள் போய்விடுவாள். குறிஞ்சியின் காதலுக்கு உள்ள அவசரத்தை உளவியலில் தேடுகிறோம். அது மண்ணின் கனத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மலை நிலையானது என்று நாம் உவமை சொல்லிப் பழகிவிட்டோம். மலையில் பிழைக்கிற எதுவும் நிலையான ஒன்றின் மேல் பிழைக்கவில்லை.

கரிசலுக்குத் தமிழில் ஒரு இலக்கியமே இருக்கிறது. கி. ராஜநாராயணன் அந்த மண்ணின் பெயரை ஒரு எழுத்து வகையின் பெயராக்கிவிட்டார். புளியங்குடியிலிருந்து கிழக்கே போகப் போகச் செவல் மாறிக் கரிசல் வருகிறது. ஆள் உயரத்துக்கு வெடிக்கிற, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிற கனமான மண். ஆழமுள்ள மண்ணுக்கு இலக்கியம் வாய்த்தது. மேற்கே பத்துப் பன்னிரண்டு மைலில் இருக்கிற சரிவு மண்ணுக்குத் தமிழில் உரைநடை என்று ஏதாவது வந்திருந்தால் அது தேயிலை வழியாக வந்ததுதான். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' நம் திருநெல்வேலிச் சீமை ஜனங்களை இலங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. பி.எச். டேனியல் 1969-இல் இங்கிலீஷில் எழுதிய 'ரெட் டீ' ஆனைமலைக்குக் கொண்டுபோகிறது. தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று வந்தது. இரண்டிலும் ஆட்கள் போவது இந்தப் பக்கத்துச் சமவெளியிலிருந்து. சரிவு மண்ணைத் தமிழன் கையால் தொட்டு அறிந்தது பெரும்பாலும் இப்படிக் கூலியாகத்தான்.

வங்கியில் என் மேஜைக்கு நிலம் காகிதமாகத்தான் வருகிறது. பட்டா, சிட்டா, அடங்கல். 'அ' பதிவேட்டில் 'மண் வயனமும் ரகமும்' என்று ஒரு பத்தி உண்டு. அதில் இரண்டு எண்கள் இருக்கும். பக்கத்தில் தரம், அப்புறம் தீர்வை. வெள்ளைக்காரன் காலத்து நிலவரித் திட்டத்தில் மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்துப் போட்ட எண்களின் வாரிசுகள் இவை. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த எண்ணை யாரும் அலட்சியம் செய்ய முடியவில்லை. நான் ரசிக்கிற ஒரு சில வடிவங்களில் இந்தப் பத்தியும் ஒன்று. சொல் சிக்கனத்தில் நம் புதுக்கவிஞர்கள் பலரை இது தோற்கடிக்கும். ஆனால் மலையின் சரிவுக்கு அதில் இடமில்லை. வரி விளையாத மண்ணுக்கு வயனம் எதற்கு? காடு, பாறை, புறம்போக்கு என்று எழுதிவிட்டால் முடிந்தது. மண் என்பதற்கு அரசாங்கம் வைத்த அர்த்தம், தீர்வை கட்டக்கூடியது.

போன வருஷம் டெபாசிட் ரசீதைப் புதுப்பிக்க ஒரு அம்மாள் வந்திருந்தார். மூணாறு பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்றால் லயத்து வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். கூட்டமில்லாத நேரம். அங்கே மண் எப்படி அம்மா என்று கேட்டேன். கேள்வி அவருக்கு விநோதமாக இருந்திருக்க வேண்டும்.

"மண்ணா? ஒரு சாண் இருக்கும் தம்பி. புல்லு வெட்டையில மம்பட்டிய ஓங்கிப் போட்டா ணங்குன்னு கல்லுல இடிக்கும். கை அதிர்ந்துபோவும்."

"அதுல எப்படி அம்மா செடி நிக்குது?"

"செடி நிக்கும். செடிக்குத் தெரியும்லா எங்க விரிசல் இருக்குன்னு. நாமதான் மழைக்குப் பயந்துக்கிட்டுப் படுத்துக் கிடப்போம்."

இதற்கு மேல் அவர் சொல்லவில்லை. பாஸ்புக்கில் வரி போட்டுத் தரச் சொன்னார்.

புல் வெட்டுவது என்பது தோட்டங்களில் சாதாரண வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் காப்பி போட்ட துரைமார்கள் ஒரு புல்லும் இல்லாமல் துப்புரவாக வெட்டிப்போடுவதைத் தோட்டத்தின் அழகாக நினைத்தார்கள். காட்டை அழித்த சரிவில், புல்லும் இல்லாத வெறும் மண்ணில் பருவமழை விழுந்தது. எத்தனையோ ஆயிரம் வருஷத்து மண் சில பத்து வருஷங்களில் ஆற்றில் போனது. மரத்தை வெட்டினால் உடனே மண் போய்விடுவதில்லை என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பாறை இடுக்குகளுக்குள் இறங்கிய வேர், மரம் போன பிறகும் சில வருஷம் மண்ணைத் தைத்து வைத்திருக்கும். வேர் மக்க மக்கத் தையல் பிரிகிறது. வெட்டியவர் ஒருவர், விளைவை வாங்கிக்கொள்கிறவர் வேறொருவர். கடன் எடுத்தவர் போய், ஜாமீன் போட்டவர் வாசலில் நிற்கிற காட்சியை வாரம் ஒரு தரம் பார்க்கிற எனக்கு இது புரியக் கஷ்டமாயில்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் நாலு லயங்களை மலை மூடியது. எழுபது பேர் இறந்தார்கள். நாலு பேர் உடல் கடைசி வரை கிடைக்கவில்லை. பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு பக்கம்; அதாவது நம் கரிசல் காட்டு ஜனங்கள், தலைமுறைகளுக்கு முன் ஏறிப்போனவர்கள். மின்சாரமும் தொலைபேசியும் செத்திருந்ததால் விஷயம் வெளியே தெரிந்ததே மறுநாள் காலையில். அன்று ஒரு நாளில் மட்டும் அங்கே 600 மி.மீ.க்கு மேல் மழை. புளியங்குடியில் ஒரு நல்ல வருஷம் முழுவதும் பெய்வதோடு வைத்து எண்ணத் தக்க தண்ணீர், ஒரு பகல் ஒரு இரவில்.

அந்தத் தண்ணீர் என்ன செய்கிறது? ஒரு சாண், இரண்டு சாண் மண்ணை நிமிஷத்தில் நனைத்து இறங்குகிறது. அடியில் பாறை, உள்ளே வழியில்லை. பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் தேங்குகிறது. தேங்கிய தண்ணீர் மண் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தூக்குகிறது. ஒன்றின் மேல் ஒன்று அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததால்தான் அவை சரிவில் நின்றன. அந்த அழுத்தத்தைத் தண்ணீர் வாங்கிக்கொண்டதும் உராய்வு போய்விடுகிறது. அப்புறம் அது மண்ணும் அல்ல தண்ணீரும் அல்ல. கல்லையும் மரத்தையும் சுமந்துகொண்டு ஓடுகிற கூழ். போகிற வழியில் ஓடையின் கரையையும் அடியையும் சுரண்டிச் சேர்த்துக்கொண்டு பெரிதாகிறது. மலையாளத்தில் இதற்கு உருள்பொட்டல் என்று ஒரு சொல் இருக்கிறது. நாம் எல்லாவற்றுக்கும் நிலச்சரிவு என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். பெட்டிமுடியில் அது புறப்பட்ட இடம் தேயிலைக் காடு அல்ல, மேலே புல்வெளி மலை. ஆகவே தோட்டம்தான் மலையைச் சரித்தது என்று சுலபமாகத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. மழை அப்படிப் பெய்தால் மெல்லிய மண் தானாகவும் இறங்கும். மலை இருக்கிற நாள் முதல் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. லயம் அதன் பாதையில் இருந்தது என்பதுதான் பிரச்னை. பாதை எது என்று ஓடை சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். லயம் கட்ட இடம் குறித்தவர்கள் அதில் குடியிருக்கவில்லை.

2001-இல் அம்பூரி, 2009-இல் நீலகிரி, 2014-இல் இலங்கையில் கொஸ்லாந்தைக்குப் பக்கத்து மீரியபெத்தை, 2024 ஜூலை 30 விடியுமுன் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும். பட்டியல் போட்டால் நீளும். அதே வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலையில், மலையே லிங்கம் என்று கும்பிடுகிற அந்த மலையின் சரிவில், ஒரு வீட்டின் மேல் பாறையும் மண்ணும் வந்து ஏழு பேர் போனார்கள். ஐந்து பேர் குழந்தைகள்.

வயநாட்டுக்குப் பிறகு வந்த கவிதைகளைக் கவனித்தேன். இயற்கை சீறியது, மலை கோபித்தது, மண் பழிவாங்கியது, பூமித்தாய் புரண்டு படுத்தாள். துக்கம் நிஜமாக இருக்கலாம். எழுதியவர்களின் யோக்கியதையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இந்தப் பாஷை பொய்யானது. பாறைக்கும் மண்ணுக்கும் நடுவே தேங்கிய தண்ணீருக்குக் கோபம் இல்லை. கோபம் என்று சொன்ன உடனே யாரோ ஒரு பெரிய ஆள் மலைக்குள் இருப்பதாக ஆகிவிடுகிறது. சாந்தி செய்தால் போதும் என்ற இடத்துக்கு நாலே வரியில் வந்துவிடலாம். லயம் எங்கே இருந்தது, யார் கட்டியது, ராத்திரி பத்தரைக்கு அந்த மழையில் அவர்கள் எங்கே போயிருக்க முடியும் என்பவை எல்லாம் சீற்றத்தில் கரைந்துவிடுகின்றன. 'ஆழ்ந்த சோகம்' என்று இதற்கு மதிப்புரையும் வந்துவிடும். மம்பட்டி கல்லில் இடிக்கிற சத்தம் கேட்கிற ஒரு வரி, ஆழம் இல்லாமலே, இவற்றை எல்லாம் வாயடைக்கச் செய்யும். நான் பார்த்த வரையில் அந்த வரியை யாரும் எழுதவில்லை.

சரிவு இழக்கிற மண் எல்லாமே நாசமாய்ப் போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புளியங்குடி எலுமிச்சை நிற்கிற அடிவாரத்துச் செவல் மண்ணில் பாதி, மலையிலிருந்து காலகாலமாக இறங்கிவந்து தங்கியதுதான். 2025-இல் இந்த எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது கமிஷன் கடைகளில் லட்டுக் கொடுத்தார்கள். ஓடையில் இன்னும் கீழே வருகிற நைசான மண் குளத்தில் படிகிறது. கோடையில் அதைக் கரம்பை என்று வெட்டி வண்டி வண்டியாக வயலுக்கு அடிக்கிறார்கள். இப்போது டிராக்டரில். சங்கரன்கோவிலில் மண்ணே பிரசாதம். கோயில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, வாயிலும் போட்டுக்கொண்டு போகிறவர்களை ஆடித் தபசின்போது ஆயிரக்கணக்கில் பார்க்கலாம். கறையான் கீழ்மண்ணின் களியை வாயில் எடுத்துவந்து மேலே கட்டுகிற வீடு அது. டார்வின் புழு செய்கிற காரியத்தை நம் ஊரில் கறையான் செய்கிறது. பக்தர்களுக்கு இந்த விளக்கம் வேண்டியதில்லை, எனக்கும் அவர்களிடம் சொல்லுகிற உத்தேசமில்லை.

எலுமிச்சைக்காரர்கள் சிலர் கடன் விண்ணப்பத்தோடு மண்வள அட்டையையும் சேர்த்து நீட்டுகிறார்கள். நாம் கேட்பதில்லை, ஆனாலும் காகிதம் கனமாக இருந்தால் நல்லது என்று ஒரு எண்ணம். அந்த அட்டைக்கு மண் எடுக்கிற முறையை அவர்களில் ஒருவர் சொன்னார். மேலே கிடக்கிற சருகைத் தள்ளிவிட்டு, 'வி' எழுத்து மாதிரி ஒரு குழி வெட்டி, ஓரத்தைச் சீவி எடுக்க வேண்டும். சாதாரணப் பயிருக்கு 15 செ.மீ. போதும், ஒரு சாண்கூட வேண்டாம். எலுமிச்சை மாதிரி மரப்பயிருக்கு மட்டும் இன்னும் கீழே போகச் சொல்கிறார்களாம். அவர் தோட்டத்தில் மேற்கு ஓரம், மலையை ஒட்டின வரிசையில், அப்படிப் போக முடியவில்லை. கடப்பாரை கல்லில் முட்டிவிட்டது. அந்த வரிசைதான் காய்ப்பில் முதல் என்றார்.